காங்கோ ஆகாயத்தில் நமது கான்பரா விமானங்கள்

நமது விமானப்படை கண்ட யுத்தங்கள் எவை என்று யாரைக் கேட்டாலும் 1965, 1971, கார்கில் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். வயதில் மூத்தவர்கள் 1947-48 காஷ்மீரையும் சேர்த்துக் கொள்வார்கள். ஆனால் 1961ஆம் ஆண்டு ஆறு இந்தியக் குண்டுவீச்சு விமானங்கள் கடல் தாண்டி ஆப்பிரிக்காவின் நடுமையத்துக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் கொடியின் கீழ் ஏறத்தாழ ஒரு வருஷம் பணியாற்றின என்ற விஷயம் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மறந்திருப்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதற்கு இரண்டு வரி கூடக் கிடையாது.

அந்த விமானங்களை ஓட்டியவர்களில் அன்று இருபத்தைந்து வயது இளைஞராக இருந்தவருக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. நேரில் பார்த்தவர்களின் ஞாபகம் முற்றிலும் மறைவதற்குள் இதை நமது அங்கத்தினர்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒற்றை விமானத்தின் அட்டகாசம்

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோ 1960 ஜூன் 30ஆம் தேதி சுதந்திரம் அடைந்தது. பத்தே நாட்களில் குழப்பம் ஆரம்பித்தது. ஜூலை 11ஆம் தேதி தெற்கே உள்ள கட்டாங்கா மாகாணம், மொய்ஸ் ஷோம்பே என்பவரின் தலைமையில், தான் தனி நாடு என்று அறிவித்துவிட்டது. கட்டாங்கா சாதாரண மாகாணம் அல்ல. செம்பும் கோபால்ட்டும் அங்கேதான் குவிந்து கிடந்தன. ஹிரோஷிமாவில் போடப்பட்ட அணுகுண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு, கட்டாங்காவில் உள்ள ஷிங்கொலொப்வே சுரங்கத்திலிருந்து போனதுதான். இவ்வளவு செல்வத்தை வெட்டி எடுத்துக் கொண்டிருந்தது ஒரு பெல்ஜியச் சுரங்கக் கம்பெனி. அந்தப் பணபலமும், கூலிக்குச் சண்டை போட வந்த வெள்ளைக்காரப் படையாட்களும் ஷோம்பேயின் பக்கம் இருந்தன.

புதிய நாட்டின் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா ஐ.நா. சபையின் உதவியைக் கேட்டார். ஜூலை 14ஆம் தேதி பாதுகாப்புச் சபை ஒப்புதல் தந்து படை அனுப்பியது. 1961 ஜனவரி 17ஆம் தேதி லுமும்பா கட்டாங்காவில் கொல்லப்பட்டார். அதன் பிறகு, உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் பலத்தையும் பிரயோகிக்கலாம் என்று பிப்ரவரியில் பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே இந்தியா பிரிகேடியர் ராஜாவின் தலைமையில் ஒரு முழு பிரிகேடையே அனுப்பியது. சிறிதும் பெரிதுமாகப் பல நாடுகள் படை கொடுத்திருந்தாலும், ஒரே நாட்டிலிருந்து இவ்வளவு பேர் போனது பெரிய காரியம்.

1961 செப்டம்பரில் கட்டாங்காவில் சண்டை மூண்டது. ஐ.நா.வுக்குப் பெரிய தலைகுனிவு நேர்ந்தது அப்போதுதான். கட்டாங்காவிடம் மிஞ்சியிருந்த ஜெட் விமானம் ஒன்றே ஒன்று. பிரான்ஸில் தயாரான ஃபூகா மஜிஸ்டர் என்னும் பயிற்சி விமானம் அது. பயிற்சி விமானம்தானே என்று நினைக்க வேண்டாம். எதிரே ஒரு போர் விமானமும் இல்லாதபோது அதுவே ஆகாயத்துக்கு ராஜா. ஐ.நா.வின் சரக்கு விமானங்களைத் தரையிலேயே அடித்து நொறுக்கியது. ஜாடோவில் என்ற ஊரில் முற்றுகைக்கு உள்ளான அயர்லாந்து வீரர்களின் மேல் பாய்ந்து பாய்ந்து சுட்டது. உதவி வரமுடியாமல், உணவும் தண்ணீரும் தீர்ந்து, அந்தக் கம்பெனி செப்டம்பர் 17ஆம் தேதி சரணடைந்தது.

அதே இரவு ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட், ஷோம்பேயுடன் சமாதானம் பேசுவதற்காக வட ரொடீஷியாவில் உள்ள எண்டோலாவுக்குப் புறப்பட்டார். ஃபூகாவின் பயத்தால் இரவிலும் சுற்று வழியிலும் பறக்க வேண்டியிருந்தது. எண்டோலாவை நெருங்கும்போது விமானம் காட்டில் விழுந்து அவர் உயிரிழந்தார். விபத்தா, சதியா என்ற விசாரணை இத்தனை வருஷங்கள் கழித்தும் ஐ.நா.வில் தொடர்ந்து கொண்டிருக்கிறது.

ஐ.நா.வுக்குப் போர் விமானங்கள் வேண்டும் என்பது இதற்குப் பிறகு விவாதத்துக்கே இடமில்லாமல் தெளிவாகிவிட்டது. ஸ்வீடன் ஜே-29 ரகப் போர் விமானங்களைக் கொடுத்தது. எத்தியோப்பியா சேபர் ஜெட்களை அனுப்பியது. தொலைதூரம் சென்று தாக்கவல்ல விமானங்களைக் கொடுக்க முன்வந்தது இந்தியா. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். கோழிக்கோட்டுக்காரர். ஐ.நா. சபையில் பல வருஷங்கள் இந்தியாவுக்காக வாதாடியவர். பிரதமர் நேருவின் அரசு இதில் அதிகம் தயங்கவில்லை.

கொம்பன்களின் பூர்வகதை

தேர்ந்தெடுக்கப்பட்டது ஐந்தாம் எண் ஸ்க்வாட்ரன். அதன் சின்னம் தந்தமுள்ள யானை, பட்டப்பெயர் 'டஸ்கர்ஸ்'. பாலக்காட்டு பாஷையில் சொன்னால் 'கொம்பன்கள்'.

இந்த ஸ்க்வாட்ரனின் பிறப்பே ரசமான கதை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஏராளமாகக் கான்பூரில் நின்று போயின. திருப்பி எடுத்துப் போகச் செலவு அதிகம். அப்படியே விட்டுப் போகவும் மனமில்லை. எனவே யாரும் மறுபடி பறக்கவிட முடியாதபடி அவற்றை இடித்து, கருவிகளை உடைத்து, எஞ்சின்களில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள். சுதந்திரம் வந்த பிறகு பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த நிபுணர்கள் அந்தக் குப்பைமேட்டைப் பார்த்தார்கள். ஒன்றின் இறக்கை, மற்றொன்றின் சக்கரம், இன்னொன்றின் எஞ்சின் என்று சேர்த்து, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டு வந்தார்கள். அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் அந்தத் தொழிற்சாலையின் விமானி ஜாம்ஷெட் முன்ஷி. எந்தப் பாகம் எப்போது கழன்று விழும் என்று தெரியாத நிலையில் அத்தனை தூரம் பறப்பதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! இப்படிச் சுமார் நாற்பது விமானங்கள் மறுபிறவி எடுத்தன. 1948 நவம்பரில் கான்பூரில் ஆரம்பித்த ஐந்தாம் ஸ்க்வாட்ரனின் முதல் விமானங்கள் அவைதான்.

1957-ல் இதே ஸ்க்வாட்ரனுக்குப் புத்தம் புதிய கான்பரா ஜெட் விமானங்கள் வந்தன. பிரிட்டனின் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி தயாரித்த கான்பரா 1949-ல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு ரோல்ஸ்ராய்ஸ் ஏவான் எஞ்சின்கள். நாற்பத்தெட்டாயிரம் அடி உயரம் வரை ஏறும். நமக்கு வந்த ரகத்தில் விமானி, நேவிகேட்டர் என்று இருவர் மட்டுமே. வயிற்றுப் பகுதியில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு பொருத்தப்பட்டிருக்கும். ஒரு விவரத்தை மட்டும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆபத்து வந்தால் விமானியைத் தூக்கி வெளியே எறியும் இருக்கை உண்டு. நேவிகேட்டருக்கு அது கிடையாது. அவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பாராசூட்டுடன் குதிக்க வேண்டும். தாழப் பறக்கும்போது அதற்கெல்லாம் அவகாசம் ஏது? இதைத் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு நேவிகேட்டரும் உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

ஆக்ராவிலிருந்து ஆப்பிரிக்கா வரை

விங் கமாண்டர் ஏ.ஐ.கே. சுவாரஸ் தலைமையில் ஆறு கான்பராக்கள் 1961 அக்டோபரில் ஆக்ராவிலிருந்து கிளம்பின. ஏடன், நைரோபி வழியாகக் காங்கோவின் தலைநகரான லியோபோல்ட்வில்லை அடைந்தன. இன்று அந்த நகரத்தின் பெயர் கின்ஷாசா. இந்திய விமானப்படையின் குண்டுவீச்சு ஸ்க்வாட்ரன் ஒன்று இவ்வளவு தொலைவுக்குப் போர்ப்பணிக்காகப் போனது அதுவே முதல் தடவை.

நமது தாத்தாக்கள் காலத்தில் கடல் தாண்டினால் பிராயச்சித்தம் பண்ணிக்கொள்ளச் சொல்வார்கள். அந்தத் தலைமுறையில் சிலர் 1961லும் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வயதில் இருந்த பையன்கள் கடலையும் தாண்டி, பூமத்திய ரேகையையும் தாண்டிப் போய்க் கொண்டிருந்தார்கள்.

அப்போது எனக்கு வயது பதினான்கு. எங்கள் கிராமத்தில் ரேடியோ இருந்த வீடுகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். கல்பாத்தித் தேர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ரேடியோச் செய்தியில் 'கட்டாங்கா', 'எலிசபெத்வில்' என்று தினமும் பெயர்கள் வரும். பள்ளிக்கூட அட்லாஸில் தேடிப் பார்ப்போம். பின்னாளில் விக்டோரியா காலேஜில் பௌதிகம் படித்த பிறகுதான் அந்த அட்லாஸில் கண்ட ஒரு விஷயத்தின் பொருத்தம் எனக்குப் புரிந்தது. பாலக்காடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய பத்தே முக்கால் டிகிரியில் இருக்கிறது. கட்டாங்காவில் கான்பராக்கள் தாக்கிய கோல்வேசி, ரேகைக்குத் தெற்கே அதே பத்தே முக்கால் டிகிரியை ஒட்டி இருக்கிறது. நமக்கு மழை விட்டுப் பனி தொடங்கும் டிசம்பரில் அவர்களுக்கு நல்ல மழைக்காலம். இந்த மழைதான் அந்த விமானிகளுக்கு முதல் எதிரி.

மேகத்துக்கு மேலே ஒரு கணக்கு

லியோபோல்ட்வில்லிலிருந்து கோல்வேசி நேர்க்கோட்டில் சுமார் 1300 கிலோமீட்டர். கான்பராவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமான பயணம். கீழே பெரும்பகுதி காடும் புல்வெளியும். வழியில் திசை காட்டும் ரேடியோ நிலையங்கள் மிகக் குறைவு. செயற்கைக்கோள் வழிகாட்டி என்பது யாரும் கனவிலும் நினைக்காத காலம். அப்படியென்றால் எப்படிப் போவது?

திசைமானி, கடிகாரம், வேகமானி, வரைபடம், பென்சில். இவைதான் நேவிகேட்டரின் ஆயுதங்கள். இன்ன திசையில், இன்ன வேகத்தில், இத்தனை நிமிஷம் பறந்தால் இன்ன இடத்தில் இருப்போம் என்ற கணக்கு. கேட்கச் சுலபமாக இருக்கும். திசையில் ஒரு டிகிரி தவறினால் அறுபது கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் விலகும் என்பது நேவிகேட்டர்களுக்கு மனப்பாடமான விதி. 1300 கிலோமீட்டரில் இந்த ஒரு டிகிரி ஏறக்குறைய 22 கிலோமீட்டர் ஆகிவிடும். பாலக்காட்டுக்கு வரவேண்டியவன் வாளையாறில் போய் நிற்பது போல. இது திசைத் தவறு மட்டும். பக்கவாட்டில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்து, அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், ஒன்றரை மணி நேரத்தில் விலகல் அறுபது கிலோமீட்டர். இப்போது அவன் கோயம்புத்தூரையும் தாண்டிவிட்டான்!

சரி, கணக்கு சரியாகவே இருக்கட்டும். இலக்கின் மேல் மேகம் மூடியிருந்தால் என்ன செய்வது? உத்தியோக நிமித்தம் நான் சில வருஷங்கள் இடுக்கிப் பக்கம் இருந்தவன். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணெதிரே நின்ற மலை ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகும். ஜீப்பில் போகிறவன் ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். விமானிக்கு அந்த வசதி கிடையாது. எரிபொருள் கணக்கு அவனைத் துரத்திக் கொண்டே இருக்கும். திரும்பிப் போக வேண்டிய 1300 கிலோமீட்டரும் மிச்சமிருக்கிறது. மேகத்துக்குள் இறங்கினால், அடியில் வெட்டவெளி இருக்கிறதா, குன்று இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

1961 டிசம்பர் 5ஆம் தேதி எலிசபெத்வில் நகரில் சண்டை வெடித்தது. சாலை மறிப்பு ஒன்றை அகற்றச் சென்ற கூர்க்காப் படையின் காப்டன் குர்பசன் சிங் சலாரியா, பதினாறு வீரர்களுடன் தொண்ணூறு பேர் கொண்ட எதிரிப் படையின் மேல் பாய்ந்து, அதைச் சிதறடித்து, அங்கேயே வீரமரணம் அடைந்தார். ஐ.நா. பணியில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் இன்றுவரை அவர்தான். அதே நேரத்தில் கான்பராக்களுக்கும் உத்தரவு வந்தது. கட்டாங்காவின் விமானங்கள் தங்கியிருந்த கோல்வேசி விமானத்தளத்தை முடக்க வேண்டும்.

நமது விமானிகள் போனார்கள். தளத்தைக் கண்டுபிடித்தார்கள். தாழப் பாய்ந்து பீரங்கிகளால் சுட்டார்கள். தரையில் நின்ற விமானங்கள் எரிந்தன. செப்டம்பரில் ஒற்றை ஃபூகாவின் பயத்தில் ஐ.நா. நடுங்கியது போன்ற நிலை அதற்குப் பிறகு அந்தச் சண்டையில் ஏற்படவில்லை. தரையில் இருந்த இந்திய, ஸ்வீடிஷ், ஐரிஷ், எத்தியோப்பியப் படையினர் தலைக்கு மேலே எதிரி விமானம் வருமோ என்ற கவலை இல்லாமல் தங்கள் வேலையைப் பார்க்க முடிந்தது. இரண்டு வாரத்தில் எலிசபெத்வில்லின் முக்கிய இடங்கள் ஐ.நா.வின் கைக்கு வந்தன. டிசம்பர் 21ஆம் தேதி ஷோம்பே கிடோனா என்ற இடத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

வந்து சேராத 24 குண்டுகள்

பீரங்கிகளால் சுட்டார்கள் என்று எழுதினேன். குண்டுவீச்சு விமானம் குண்டு போடாமல் ஏன் பீரங்கியால் சுட வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதியும் இதுதான்.

கான்பரா பிரிட்டிஷ் விமானம். அதற்கு ஏற்ற ஆயிரம் பவுண்டு குண்டுகள் 24 வேண்டும் என்று ஐ.நா., பிரிட்டனிடம் கேட்டது. ஐ.நா. தீர்மானத்தை வெளிப்படையாக எதிர்க்க முடியாத பிரிட்டன் முதலில் சரி என்றது. விமானத்தளங்களின் மேலும் தரையில் நிற்கும் விமானங்களின் மேலும் மட்டுமே போட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. செய்தி வெளியானதும் பிரதமர் மாக்மில்லனின் சொந்தக் கட்சியிலேயே பெரிய கலகம் மூண்டது. கட்டாங்காவின் சுரங்கங்களில் பிரிட்டிஷ் முதலீடு இருந்தது. பக்கத்து ரொடீஷியாவில் இருந்த வெள்ளையர் அரசும் ஷோம்பேக்கு ஆதரவு. அரசே கவிழ்ந்துவிடுமோ என்ற நிலை வந்ததும், சில நாட்களிலேயே பிரிட்டன் குண்டுகளைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. ஐ.நா.வும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. 24 குண்டுகளும் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பவே இல்லை.

நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். ஒரு காரியத்துக்கு ஆணை வந்துவிடும். அதைச் செய்வதற்கான சாமான் வராது. கேட்டால், உயர்மட்டத்தில் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். ஆபீஸில் இப்படி நேர்ந்தால் ஃபைல் ஓரமாக உட்காரும், அவ்வளவுதான். காங்கோவிலோ உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குண்டு என்றால் உயரத்திலிருந்து போட்டுவிட்டு விலகலாம். பீரங்கியால் சுட வேண்டுமானால் தாழ இறங்கி, தரையிலிருந்து சுடுபவனின் துப்பாக்கிக்கு எதிரே நேராகப் போக வேண்டும். லண்டனில் அரசியல்வாதிகள் எடுத்த முடிவின் பாரத்தை, வெளியேறும் இருக்கை கூட இல்லாத நேவிகேட்டர் சுமந்தார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பீரங்கி குறிபார்த்து அடிக்கும் ஆயுதம். ஆயிரம் பவுண்டு குண்டு விழுந்தால் அக்கம்பக்கத்தையும் சேர்த்து அழிக்கும். அந்த 24 குண்டுகள் வந்திருந்தால் பொதுமக்களின் சேதம் கூடியிருக்கலாம். வராமல் போனதே ஒருவிதத்தில் நல்லதோ என்றும் தோன்றுகிறது.

நமது தரப்பு முழுக்க முழுக்கக் கறை படியாதது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. அந்த டிசம்பர் சண்டையில் எலிசபெத்வில்லில் பொதுமக்களும் செத்தார்கள். ஐ.நா. படைகள் மருத்துவமனைகளையும் வீடுகளையும் தாக்கின என்று அந்நகரின் 46 டாக்டர்கள் சேர்ந்து 1962-ல் ஒரு கண்டனப் புத்தகமே வெளியிட்டார்கள். அவர்கள் கட்டாங்காவின் ஆதரவாளர்கள், மிகைப்படுத்தினார்கள் என்று பதில் சொல்லப்பட்டது. மிகையும் இருக்கலாம், உண்மையும் இருக்கலாம். சமாதானத்துக்காகப் போன படை சுட நேர்ந்தால் அந்தத் தோட்டாவும் மற்றத் தோட்டாவைப் போலத்தான் காயப்படுத்தும். ஐ.நா. சபையும் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. காங்கோவுக்குப் பிறகு குண்டுவீச்சு விமானங்களைச் சேர்த்த அமைதிப்படையை அது சுலபத்தில் அமைக்கவில்லை.

ஏன் மறந்தோம்?

இவ்வளவு பெரிய காரியம் நாட்டின் ஞாபகத்தில் ஏன் நிற்கவில்லை? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு.

முதலாவது, கோவா. காங்கோவில் சண்டை ஓய்ந்து கொண்டிருந்த அதே வாரம், 1961 டிசம்பர் 18ஆம் தேதி, கோவா விடுதலை நடவடிக்கை தொடங்கியது. அங்கேயும் கான்பராக்கள் போயின. விங் கமாண்டர் என்.பி. மேனன் தலைமையில் டாபோலிம் விமான ஓடுபாதையைத் தாக்கின. சொந்த மண்ணை மீட்ட சந்தோஷத்தில் தொலைதூரத்துக் காங்கோ பத்திரிகைகளின் உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

இரண்டாவது, சீனா. 1962 அக்டோபர் 20ஆம் தேதி சீனப்படை எல்லையைத் தாண்டியது. காங்கோவில் இருந்த கான்பராக்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வந்த பின் நடந்ததுதான் விசித்திரம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அந்நிய மண்ணில், ஐ.நா.வுக்காகச் சுட அனுமதி பெற்ற அதே விமானங்களுக்கு, சொந்த எல்லையில் யுத்தம் நடந்தபோது தாக்குதலுக்கு உத்தரவு வரவில்லை. அந்த யுத்தத்தில் தாக்குதல் விமானங்களை உபயோகிப்பதில்லை என்று அரசு முடிவு செய்திருந்தது. கோல்வேசியிலிருந்து திரும்பியவர்கள் அந்த நாட்களைத் தளத்தில் காத்திருந்தே கழித்தார்கள். அந்தத் தோல்வியின் வேதனையில் காங்கோவின் வெற்றியைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்?

காங்கோவின் கதை நமது விமானங்கள் இல்லாமலேயே முடிந்தது. 1962 டிசம்பர் இறுதியில் ஸ்வீடிஷ் விமானங்கள் மறுபடியும் கோல்வேசியைத் தாக்கின. 1963 ஜனவரி 21ஆம் தேதி ஐ.நா. படை கோல்வேசிக்குள் நுழைந்தது. கட்டாங்காவின் தனிநாட்டுக் கனவு அத்துடன் அடங்கியது. காங்கோவில் ஐ.நா. பணியில் உயிர்நீத்த இந்தியர்கள் 39 பேர். காங்கோ உடையாமல் ஒரே நாடாக நின்றது. அதற்குப் பின் அந்த நாட்டு மக்கள் பட்ட துன்பங்கள் வேறு கதை. அவை இன்னும் தீர்ந்தபாடில்லை. கோல்வேசியின் கோபால்ட் இன்று நம் கையில் உள்ள செல்போன் பாட்டரிகளில் இருக்கிறது. உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. அன்று செம்புக்கும் யுரேனியத்துக்கும் நடந்த இழுபறி இன்று கோபால்ட்டுக்கு நடக்கிறது.

கான்பராக்கள் 1965லும் 1971லும் மறுபடி யுத்தம் பார்த்தன. ஐந்தாம் ஸ்க்வாட்ரன் பிற்பாடு ஜாகுவார் விமானங்களுக்கு மாறியது. ஐம்பது வருஷ சேவைக்குப் பின் 2007 மே 11ஆம் தேதி ஆக்ராவில் கான்பராவுக்குப் பிரிவுபசாரம் நடந்தது. காங்கோவுக்குப் புறப்பட்டுப் போனதும் அதே ஆக்ராவிலிருந்துதான்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம்

போர் விமானம் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் என்று நினைக்கத் தேவையில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பாலக்காட்டுக் கணவாயின் மறுவாசலில், கோயம்புத்தூரிலும் சூலூரிலும், பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளங்கள் இருந்தன. கடற்படை வழக்கப்படி அவற்றுக்குக் கப்பல் போலப் பெயரிட்டு ஒன்றை 'கருடா' என்றும் மற்றொன்றை 'வைரி' என்றும் அழைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் சூலூர் நமது விமானப்படையின் முக்கியமான தளமாயிற்று. நமது கிராமங்களிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு விமானப்படையில் சேர்ந்த பையன்கள் எத்தனையோ பேர். விமானிகளானவர்கள் சிலர். எஞ்சின், ரேடியோ, கருவிகள், கணக்கு, ஸ்டோர்ஸ் என்று தரையில் உழைத்தவர்கள் பலர். விமானி பெயர் வாங்குவதற்கு, ராத்திரி முழுக்க எஞ்சினைச் சரிபார்த்த ஏர்மேன் ஒருவர் எப்போதும் பின்னால் இருக்கிறார்.

விமானிகளுக்கு லாக்புக் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை பறந்ததற்கும் தேதி, விமானத்தின் எண், கூட வந்தவர், என்ன பணி, எத்தனை மணி நேரம் என்று ஒரே ஒரு வரி எழுதுவார்கள். பயந்தேன் என்றோ மேகத்தில் வழி தெரியாமல் தவித்தேன் என்றோ அதில் எழுத இடம் கிடையாது. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் அனுபவம் வாய்மொழியாகத்தான் வர வேண்டும். பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நமது அங்கத்தினர்கள் பல நகரங்களில் இருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் தகப்பனாரோ, பெரியப்பாவோ, மாமாவோ, அத்திம்பேரோ முப்படைகளில் ஏதாவது ஒன்றில் இருந்திருக்கலாம். காங்கோவுக்கோ காஸாவுக்கோ கொரியாவுக்கோ போய் வந்திருக்கலாம். பரணில் உள்ள டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய லாக்புக், ஏர்மெயில் கடிதம், மங்கிப்போன போட்டோ, நீலப்பட்டை கோத்த ஐ.நா. பதக்கம் என்று ஏதாவது இருக்கும். வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் நம்மிடையே இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்போனில் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு அவரைப் பேசச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், கூட யார், என்ன சாப்பிட்டீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்டாலே போதும். மற்றதை அவரே சொல்வார். எழுதி நமது சஞ்சிகைக்கு அனுப்பினால் எல்லோரும் படித்துப் பயனடைவோம்.

காங்கோவுக்குப் போனவர்களுக்கு அப்போது குண்டுகள் கிடைக்கவில்லை. திரும்பி வந்த பிறகு பேரும் பெரிதாகக் கிடைக்கவில்லை. காது கொடுத்துக் கேட்பதாவது நம்மால் முடியும்.